நான்காவது வாக்கி டாக்கி

காட்டில் நில அளவை எடுக்கும் எங்கள் குழுவுக்கு வாக்கி டாக்கி வாங்கியது நான்தான். முள்ளில் சிக்காது என்று குட்டை ஆன்டெனாவைத் தேர்ந்தெடுத்தேன். அலுவலக மொட்டைமாடியில் சோதித்தபோது கணீரென்று கேட்டது.

குழுவில் இருந்த அக்காவின் கணவர் மலையிடுக்கில் விழுந்து கால் முறிந்து கிடந்தார். அவர் கூப்பிட்டது முகாமில் யாருக்கும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் உடலை எடுத்தபோது, அவர் வாக்கி டாக்கி செட்டில் சார்ஜ் மிச்சமிருந்தது.

இந்த முறை வாங்குமுன் சோதித்துப் பார்க்க, நான்கு விதமான செட்டுகளோடு அதே இடுக்கில் இறங்கினேன். முகாமில் தானே உட்காருவதாக அக்கா பிடிவாதம் பிடித்தாள். மூன்றில் வெறும் இரைச்சல். நீள ஆன்டெனா மாட்டிய நான்காவதில், "அக்கா, நான் பேசுறது கேக்குதா?" என்றேன்.

"பக்கத்துல நின்னு பேசுற மாதிரி கேக்குதுடா," என்றவள், பேசும் பொத்தானை விடாமலே அழுதாள். அவள் விடும்வரை என்னால் பதில் பேச முடியவில்லை.