பில்டரில் இரண்டு ரப்பர்

“இந்தப் பொண்ணுக்கு வாயில பூட்டு கீட்டு போட்டு வச்சிருக்கீங்களா?”

சிதம்பரத்து அத்தை தில்லையம்மாள் இப்படிக் கேட்டபோது நான் காபித் தட்டோடு அவர் எதிரில் நின்றிருந்தேன். அம்மாவின் அண்ணன் மனைவி அவர். தன் மகன் செம்பியனுக்கு என்னைக் கேட்டு வந்திருந்தார். “பேரு மட்டும் இசைவாணி!” என்று அவரே சிரித்தார். அம்மாவும் பெருமையாகச் சிரித்தாள். பத்தாவதோடு நின்றுவிட்ட பெண்ணுக்கு வாயில்லாததும் ஒரு சீர்வரிசை என்று நினைத்திருப்பாள்.

செம்பியன் மச்சானுக்குச் சிதம்பரத்தில் சொந்த மெக்கானிக் ஷெட். சம்பந்தப் பேச்சு தொடங்கியதும், கடலூரில் ஓடும் எங்கள் இண்டிகா காருக்கு ஆயில் மாற்றுவதும் அங்கேதான் என்றாகிவிட்டது. அதுவரை அந்த வேலை என்னுடையது. அப்பாவுக்கு இடுப்பு வலி, வண்டிக்கு அடியில் படுக்க முடியாது. நான் படுப்பேன். “வெளிய சொல்லிடாதடி” என்பார். வாடகைக்கு ஓடும் அந்த ஒரு வண்டிதான் எங்கள் சோறு.

ஆயுத பூஜையன்று காலையில் வண்டிக்கு முன்னால் குனிந்து கோலம் போட்டேன். அடியில் ஆயில் சொட்டி, தட்டு அகலத்துக்குப் பரவியிருந்தது. ஆயில் அளவு பார்க்கும் கேஜை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தேன். ஆயில் கீழ்க்கோட்டைக்கூடத் தொடவில்லை. முந்தாநாள்தான் மச்சான் ஷெட்டில் புது ஆயில் ஊற்றி, புது பில்டர் போட்டு வந்த வண்டி.

அப்பா செல்லில் கேட்டார். மச்சானின் சிரிப்பு பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

“புது பில்டர்னா மொதல்ல லேசா கசியும் மாமா. தானா நின்னுடும்.”

தானாக நிற்காது. பழைய பில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் சில சமயம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டுவிடும். விரலை விட்டுத் தடவிப் பார்க்காமல் புதியதை மாட்டினால் ரப்பர் மேல் ரப்பர் உட்காரும். நிற்கும்போது சொட்டும். ஓடும்போது பீய்ச்சியடித்துவிடும்.

“கழட்டிப் பாத்துடலாம்ப்பா.”

“மாப்ள போட்டத நாம பிரிச்சா என்ன நெனப்பாங்க? இன்னிக்கு நம்ம வூட்டுல கை நனைக்க வர்றாங்க.”

“சாயங்காலம் இதே வண்டிலதான அவுங்களக் கொண்டுபோய் வுடணும்? ஆலப்பாக்கம் தாண்டறதுக்குள்ள இன்ஜின் சீஸ் ஆயி நின்னுடும்.”

அப்பா தலையைச் சொறிந்தார்.

பில்டர் ரெஞ்சு சாமி படத்துக்கு முன்னால், மற்ற ஸ்பேனர்களோடு சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு படுத்திருந்தது. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் வரை தொடக் கூடாது. எடுத்தேன்.

“அடிப்பாவி! சாமிகிட்ட வச்சத எடுக்குறியே!”

“சாமியா வண்டில போவப்போவுது? அப்பாவும் அவுங்களுந்தாம்மா போவப்போறாங்க.”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை.

வாழைக்கன்று கட்டிய வண்டிக்கு அடியில் நுழைந்தேன். நான் ரெஞ்சை வைப்பதற்கு முன்பே பில்டரின் புதுத் தகரத்தில் ரெஞ்சுப் பல் பதிந்து நசுங்கியிருந்தது. புது பில்டரைக் கையால்தான் இறுக்க வேண்டும். இதை யாரோ ரெஞ்சு போட்டு முறுக்கியிருக்கிறார்கள். ஏன் என்று யோசித்தபோது கை நின்றுவிட்டது. பிறகு ஆயில் பிடிக்க ஒரு பேசினை அடியில் தள்ளிவிட்டுக் கழற்றினேன். இரண்டு ரப்பர் இருந்தது.

அப்போதுதான் வாசலில் பேச்சுக் குரல்கள் கேட்டன.

“ஏன் மாமா, ஆயுத பூஜைக்குக்கூட வண்டிக்கு லீவு கெடையாதா?” செம்பியன் மச்சான்.

“நாந்தான் மாப்ள, சும்மா பாக்கலாம்னு…” என்று அப்பா இழுத்தார். அவர் வேட்டி மடிப்புக் கலையாமல் வெள்ளையாக இருந்தது.

நான் வெளியே வந்தேன். “அப்பா இல்ல. நான்.” பழைய ரப்பரை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். “இது இன்ஜின்லயே ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.”

“ஷெட்டுப் பசங்க பாக்காம மாட்டியிருப்பானுங்க, வுடு” என்றவர் அத்தையைப் பார்த்துச் சிரித்தார். “பொண்ணு கேட்டு வந்தா மெக்கானிக்கக் காட்டுறாங்கம்மா.”

அத்தைக்குச் சிரிப்பு வரவில்லை. “பூஜை நாள்ல கட்டிக்கப்போறவன் செஞ்ச வேலையப் பிரிச்சுப் போட்டிருக்கா. மச்சான்கிட்ட ஒரு வார்த்த மன்னிப்பு கேளுடி. அப்புறந்தான் பேச்சு.”

“கேளுடி” என்று அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். “கேட்டுடுடி, முடிஞ்சுது.”

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். நான் பில்டரைத் திருப்பி, தகரத்தின் நசுங்கலை மச்சானுக்குக் காட்டினேன்.

“புது பில்டர்ல ரெஞ்சுப் பல்லு எப்புடி மச்சான் வந்துச்சு? சொட்டுறதப் பாத்துட்டுத்தான இறுக்கியிருக்கீங்க? அது தெரிஞ்சே எங்கப்பாவ வண்டிய ஓட்டிக்கினு போவச் சொன்னீங்களா?”

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. பில்டரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

“என்னடி வாய் இது!” என்றார் அத்தை.

நான் பதிலுக்கு நிற்கவில்லை. மறுபடி அடியில் போய்ப் படுத்தேன். இன்ஜினில் பில்டர் உட்காரும் இடத்தைத் துணியால் சுற்றித் துடைத்தேன். அதே பில்டரின் புது ரப்பரில் விரலால் ஆயில் தடவினேன். கையாலேயே திருகி, ரப்பர் தொட்டதும் முக்கால் சுற்று இறுக்கினேன். மேலே பானட் திறக்கும் சத்தம் கேட்டது. நான் சொல்லாமலே அப்பா டப்பாவைத் திறந்து ஆயில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“ஸ்டார்ட் பண்ணுப்பா.”

இன்ஜின் உறுமியது. பில்டரைச் சுற்றி விரல் வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

முன்சக்கரத்துக்கு அந்தப் பக்கம் மச்சானின் கால்கள் தெரிந்தன. கொஞ்ச நேரம் அப்படியே நின்றன. பிறகு திரும்பின.

“டேய் செம்பியா, எலை போட்டாச்சுடா! எங்கடா போற?” என்று அத்தை கூப்பிட்டார்.

கால்கள் என் கோலத்தை மிதித்துக்கொண்டு, கேட்டைத் தாண்டிப் போய்விட்டன.