நாலு நிமிடம்

கொழும்பு வெள்ளவத்தையில் விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகளுக்கு ரியூஷன் ஆசிரியர் உமாசுதன் சேரைத் தெரியாமல் இருக்காது. சனி, ஞாயிறு கொட்டாஞ்சேனையிலும் வகுப்பு வைத்திருந்தார். எந்த விடைக்கு எத்தனை புள்ளி என்கிற புள்ளித் திட்டத்தைக் கரைத்துக் குடித்தவர். பரிசோதனையில் கருவியைப் பார்த்து எடுக்கவேண்டிய ஒரு வாசிப்பு தவறிப்போனால் என்ன செய்வது என்று யாராவது கேட்டால், வளைகோட்டை அழகாகக் கீறிவிட்டு அதற்கேற்ற எண்ணைப் போடு என்பார். இதற்கும் படிப்பு என்றுதான் பெயர். நாட்டில் பாதிப்பேர் இப்படித்தான் சித்தியடைந்திருக்கிறோம்.

வீட்டில் அவருக்கு ஒரே ஒரு மாணவி, மகள் அருந்ததி. அவளுக்குப் பத்து வயதாக இருந்தபோது பள்ளிக்கூடத்தின் காலைக் கூட்டத்தில் வலிப்பு வந்து விழுந்தாள். மூன்றாம் முறை விழுந்த அன்று அதிபர், சுகமான பிறகு கூட்டிவாருங்கள் என்று வெகு மரியாதையாகச் சொன்னார். மரியாதையாகக் கதவைச் சாத்துவதில் நம்மவர்களை யாரும் மிஞ்ச முடியாது. அவளுக்கு வைத்தியம் பார்த்த டொக்டர் ஸும்றா, இரண்டு வருடம் வலிப்பே வராமல் இருந்தால் வலிப்புக்கு விழுங்குகிற குளிசையைக் குறைக்கத் தொடங்கலாம், பள்ளிக்கூடத்துக்குக் கடிதமும் தரலாம் என்றார்.

அன்றிலிருந்து வீடே வகுப்பறை ஆனது. தாய் உஷாந்தி வங்கியால் வந்த களைப்போடு தமிழும் கணக்கும் சொல்லிக்கொடுப்பாள். மிச்சம் முழுக்க விஞ்ஞானம். குசினியில் போத்தல்களும் பஞ்சில் முளைத்த பயறும் பெருகிச் சமைக்க இடமில்லாமல் போனது. உஷாந்தி முணுமுணுப்பாளே தவிர ஒன்றையும் எடுத்து எறிந்ததில்லை.

இரண்டு வருடம் முடிய இரண்டே நாள் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை காலை, சுடுநீர் எப்படி ஆறுகிறது என்ற பரிசோதனை நடந்தது. கோப்பையில் வெப்பமானி, நிமிடத்துக்கு ஒரு வாசிப்பு, மொத்தம் இருபது. நடுவில் ஒரு மாணவனின் தாய் தொலைபேசியில் அழைக்க, உமாசுதன் பல்கனிக்குப் போய்விட்டார். திரும்பி வந்து கொப்பியைப் பார்த்தால் ஆறாம் நிமிடத்துக்கு எதிரே எழுபத்தொன்று. பதினோராம் நிமிடத்துக்கு அறுபத்துநான்கு. இடையில் நாலு கட்டங்கள் வெறுமையாகக் கிடந்தன.

எங்கே பிராக்குப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று கேட்டார். தெரியவில்லை என்றாள். அவருக்கு அடுத்த வகுப்புக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. வளைகோட்டைக் கீறி, நாலு கட்டத்திலும் தானே எண்களைப் போட்டார். நான் அதைப் பார்க்கவில்லையே அப்பா என்று அவள் சொன்னது அவர் காதில் விழுந்தது. ஆனாலும் கீழே சரி போட்டுவிட்டு எழும்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை டொக்டரிடம் போகும் வழியில், முச்சக்கர வண்டி காலி வீதி நெரிசலில் நின்றபோது அருந்ததி மெல்லச் சொன்னாள்.

"அப்பா, நான் அண்டைக்குப் பிராக்குப் பார்க்கேல்லை. வெப்பமானியைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தனான். எழுபத்தொண்டு இருந்தது. பிறகு பார்த்தா அறுபத்துநாலு."

விழுந்து உதறினால்தான் வலிப்பு என்றில்லை, கண் திறந்தபடியே நினைவு தப்புவதும் வலிப்புத்தான் என்று டொக்டர் முதல் நாளே விளங்கப்படுத்தியிருந்தார். உமாசுதனுக்கு எல்லாம் தெரியும். ஆனால் பள்ளிச் சீருடைக்குத் துணி எடுத்துத் தைத்தாகிவிட்டது. உஷாந்தி அதை இரண்டு தரம் சுருக்கமில்லாமல் மினுக்கி மடித்தும் வைத்துவிட்டாள். நித்திரை தூங்கியிருப்பாய் பிள்ளை என்றார். அவள் தலையாட்டினாள்.

டொக்டர் ஸும்றா, அருந்ததி காட்டுவதற்கென்று கொண்டுவந்திருந்த கொப்பியைப் புரட்டிப் பார்த்து மகிழ்ந்துபோனார். என்னுடைய பிள்ளைகள்கூட இவ்வளவு ஒழுங்காக எழுதுவதில்லை என்றார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு அருந்ததியிடமே கேட்டார்.

"மகள், ஒண்டும் வரல்லதானே? விழாட்டியும் பரவாயில்ல, நெனவு தப்பின மாதிரி ஏதும்?"

அருந்ததி தகப்பனைப் பார்த்தாள். அந்தப் பார்வையை உமாசுதனுக்கு நன்றாகத் தெரியும். எந்த விடைக்குப் புள்ளி விழும் என்று சேரின் முகத்தில் தேடுகிற பார்வை. வகுப்பில் நூறு முகங்களில் கண்டு பழகியது. தன் பிள்ளையின் முகத்தில் அதைக் கண்டபோது அவருக்கு வெட்கமாக இருந்தது.

"இல்லை டொக்டர்," என்றாள். குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை.

டொக்டர் எழுதத் தொடங்கினார். குளிசை குறையும். பிள்ளை தனியே வீதியைக் கடப்பாள், தனியே குளிப்பாள். அந்த நினைப்பே அவரை உலுக்கியது.

"எழுதாதேங்கோ டொக்டர்," என்றார். கொப்பியை இழுத்து விரலை வைத்தார். "இந்த நாலு எண்ணும் நான் போட்டது. பிள்ளை வெறுமையாத்தான் விட்டவள். அந்த நேரம் அவளுக்கு நினைவில்லை."

டொக்டர் பேனாவை மேசையில் வைத்தார். பிறகு நடந்தது எல்லாம் மளமளவென்று நடந்தது. குளிசை குறையவில்லை, கூடியது. கடிதம் இல்லை. இரண்டு வருடக் கணக்கு அந்தப் புதன்கிழமையிலிருந்து மறுபடி தொடங்கும் என்றார்.

வெளியே வந்து மின்தூக்கிக்குக் காத்து நிற்கும்போதுதான் அருந்ததி வாய் திறந்தாள்.

"உங்களுக்காகத்தானே அப்பா இல்லையெண்டு சொன்னனான். அது பிழையா?"

"நீ சொன்னது பிழையில்லை பிள்ளை. நான் படிப்பிச்சதுதான் பிழை," என்றார். சொல்லும்போதே அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அவர் கையை நீட்டினார். அவள் பிடிக்கவில்லை. இன்னும் இரண்டு வருடம், அப்போது எனக்குப் பதினாலு வயதாகிவிடும் என்று மட்டும் சொன்னாள்.