பிறகு எழுப்பவும்

1

இந்தக் கதை ஒரு தாளிலிருந்து வந்தது. நான் போகும் யோகா வகுப்பின் அலமாரியில் கிடந்தது. இரண்டு பக்கம், நீல மை. எந்த ஆசனத்துக்கு என்ன சொல்ல வேண்டும் என்று வரி வரியாக எழுதியிருந்தது. கடைசியில் சவாசனம், அதாவது மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக் கிடப்பது. அதற்குக் கீழே இரண்டே சொற்கள்: "பிறகு எழுப்பவும்."

யார் எழுதியது, யாருக்கு எழுதியது என்று விசாரித்திருக்கலாம். எனக்கு ஒருவரிடம் போய்க் கேட்பதைவிடக் கதை கட்டுவது சுலபம். கட்டிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: [அதிகாலைப் பனியில் படியேறியபோது அவளுக்குள் ஏதோ ஒரு புதிய]

புதிய என்ன? தெரியவில்லை. பனி பெய்ததா என்பதும் தெரியாது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: [யோகா அவள் வாழ்க்கையை மாற்றியது.]

நான் படித்தது வேதியியல். ஒரே ஒரு ஆள், பதினொரு நாள், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு ஆள் இல்லை. இதை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. அடித்தேன்.

மூன்றாவது: அவள் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள்.

இது நிற்கிறது.

3

வயது முப்பத்தெட்டு. பாட்டில் பாட்டிலாக வரும் தண்ணீரில் குளோரின் எவ்வளவு என்று பார்த்துப் படிவத்தில் எழுத வேண்டும். பேச வேண்டிய வேலை இல்லை. மீறிப் பேச வேண்டி வந்தால் சீட்டு எழுதி ஒட்டுவாள். ஃப்ரிட்ஜ் கதவில், "சரியாக மூடவும்." தராசுக்குப் பக்கத்தில், "மேசையில் சாய வேண்டாம்." ஒருநாள் மேலாளர் அவள் கண்முன்னாலேயே அவளுடைய நாற்காலியை ஏதோ கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். அவர் போன பிறகு தரையில் ஒரு சீட்டு ஒட்டினாள்: "இங்கே ஒரு நாற்காலி இருந்தது." இரண்டு நாள் நின்றபடியே வேலை செய்தாள்.

அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணி சும்மா விடமாட்டாள்.

"உனக்கு வாய்னு ஒண்ணு இருக்கா இல்லையான்னு பல் டாக்டரைத்தான் கேக்கணும்."

"இருக்கு அண்ணி."

"அடேயப்பா, ரெண்டு வார்த்தை! துணியை உள்ள எடுங்க, மழை வரப் போகுது."

யோகாவில் சேர்த்துவிட்டதும் அண்ணிதான். "அங்க யாரும் பேச மாட்டாங்களாம். உனக்குன்னே செஞ்ச இடம்."

(அண்ணி எழுத எழுத வளர்ந்துகொண்டே போனாள். மூன்று பக்கம் வந்தது. கதையையே தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்று வெட்டினேன். கேள்விப்பட்டால் என்னைச் சும்மா விடமாட்டாள்.)

4

வகுப்பு நடத்தியவள் இவளைவிடப் பத்து வயது சின்னவள். ஓயாத பேச்சு. பேசிப் பேசியே தொண்டை போய்விட்டது. இரண்டு வாரம் வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆசனத்தைச் செய்து காட்டலாம். ஆனால் குனிந்திருப்பவர்களும் கண்ணை மூடியிருப்பவர்களும் எதைப் பார்ப்பார்கள்? ஒரு குரல் வேண்டும். தாளை எழுதினாள். கடைசி வரிசையில் இருந்த இவளிடம் நீட்டினாள்.

ஏன் இவளிடம்? [இவளுக்குள் மறைந்திருந்த ஆற்றலை அந்த இளம்பெண்] இல்லை. அப்படியெல்லாம் யாரும் எதையும் பார்த்துவிடவில்லை. "நீங்கதான் நடுவுல சொந்தமா எதையும் சேர்க்க மாட்டீங்க" என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினாள்.

இவள் படித்தாள். "மூச்சை உள்ளே இழுங்க. கையை மேலே தூக்குங்க." ஒன்பது பேர் இழுத்தார்கள், தூக்கினார்கள். முப்பத்தெட்டு வருஷத்தில் இவள் சொல்லி யாரும் ஒரு சுண்டுவிரலைக்கூடத் தூக்கியதில்லை. பத்து நாளில் குரல் நடுங்குவது நின்றது. அதனால் தைரியம் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அவளே நினைக்கவில்லை. பேசுவது நீல மை, தான் வெறும் ஒலிபெருக்கி என்றுதான் அவள் கணக்கு.

சவாசனம் முடிந்ததும் ஆசிரியை இரண்டு முறை கைதட்டுவாள். எல்லோரும் எழுந்துகொள்வார்கள்.*

* தானே தட்டிவிடலாம் என்பதால்தான் அந்த இடத்துக்கு அவள் வசனம் எழுதவில்லை. தாளில் எனக்குப் புரியாமல் இருந்த ஒரே இடம் இது. இந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது.

5

பதினொன்றாம் நாள் ஆசிரியைக்குக் காய்ச்சல். வரவில்லை.

செல்போன்களை அணைத்து வாசலில் இருக்கும் கூடையில் போட்டுவிட வேண்டும் என்பது வகுப்பின் விதி. முதுகுவலிக்காக வரும் பேருந்து ஓட்டுநர் தன்னுடையதைப் போட்டுவிட்டு இவளிடம் வந்தார்.

"தங்கச்சி, ஆறே முக்காலுக்கு எழுப்பி விட்டுடும்மா. ஏழு மணி வண்டி என்னுது."

"ம்."

"லேட்டுக்கு ஏற்கெனவே ரெண்டு மெமோ வாங்கியாச்சு. மூணாவது வந்தா வேலைக்கே வேட்டு."

பக்கத்துப் பாயில் இருந்த தையல்கார அம்மா திரும்பினாள். "நீங்க தூங்கினாத்தானே எழுப்பணும்? போன வாரம் நீங்க விட்ட குறட்டையில வண்டிதான் உள்ள வந்திருச்சோன்னு பயந்துட்டேன்."

"அது மூச்சுப் பயிற்சிம்மா."

"ஆமா, ரிவர்ஸ் கியர்ல."

ஆறு இருபதுக்கு எல்லோரும் படுத்தார்கள். இவள் படித்தாள். "தோளைத் தரையில விடுங்க. தாடையைத் தளர்த்துங்க." நெற்றிவரை வந்து முடித்தாள். ஓட்டுநர் குறட்டையைத் தொடங்கினார். மின்விசிறி சுற்றியது.

சுவர்க் கடிகாரத்தில் ஆறு நாற்பத்தைந்து.

தாளைப் பார்த்தாள். "பிறகு எழுப்பவும்." இது படிக்கக்கூடிய வரி இல்லை. அவளுக்கு இட்ட வேலை. "எழுந்திருங்க" என்றால் அதட்டுவது மாதிரி இருக்குமோ? "எழுந்திருக்கலாமா?" என்றால் யாராவது "வேண்டாம்" என்றுவிட்டால்? அவர்கள் முகத்தில் இருந்த நிம்மதியைக் கலைக்கத் தான் யார்?

கைதட்டலாமே என்பீர்கள். தட்டினாள். தாள் கைக்குள்ளேயே இருந்தது. சத்தம் வரவில்லை.

ஆறு நாற்பத்தாறு.

6

இங்கே நான் மூன்று மாதம் நின்றேன்.

முடிவு ஒன்று: ஓட்டுநர் தன் குறட்டைக்குத் தானே விழித்து, "ஐயையோ, மணி என்ன!" என்று பாயோடு ஓடுகிறார். எழுதினேன். எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் அதில் அவளுக்கு வேலையே இல்லை.

முடிவு இரண்டு: ஒன்பது சீட்டு எழுதி ஒவ்வொருவர் நெஞ்சின் மேலும் வைக்கிறாள். அவள் நிச்சயமாகச் செய்யக்கூடியது. அதனாலேயே எழுதப் பயந்தேன்.

முடிவு மூன்று: அழகான ஒரு வாக்கியத்தைச் சொந்தக் குரலில் சொல்கிறாள். [உங்களுக்குள்ளே போய்த் திரும்பியிருக்கும் நீங்கள், இனி] [மெதுவாக, உங்கள் உடம்பு உங்களுக்குத்] இப்படி நாற்பது. சில நன்றாகவே இருந்தன. பிறகுதான் உறைத்தது: நான் எழுதிக் கொடுத்தால் அதுவும் இன்னொரு நீல மைத் தாள்தான். பத்து நாள் அடுத்தவள் வார்த்தை, பதினொன்றாம் நாள் என் வார்த்தை. அவளுக்கு என்ன லாபம்?

7

எழுதக்கூடியதை மட்டும் எழுதுகிறேன்.

அவள் தாளைத் தரையில் வைத்தாள். நெஞ்சு வலிப்பது போலிருந்தது. ஏன் என்று பார்த்தால், மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்கிறாள். பத்து நாளாக ஒன்பது பேரை மூச்சுவிடச் சொன்னவள் தனக்கு ஒருமுறைகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. இழுத்தாள். காற்று வயிறுவரை போனது. விட்டாள். அதில் ஒரு சின்னச் சத்தம் வந்தது, அது அவளுடையது, எந்தத் தாளிலும் இல்லாதது. மறுபடி இழுத்தாள்.

பேசினாள்.

என்ன சொன்னாள் என்று நான் எழுதப் போவதில்லை. உங்கள் நாக்கு நுனியிலும் ஏதோ வந்து நிற்கும். தயவுசெய்து எடுத்துக் கொடுக்காதீர்கள். இந்த இடம் அவளுடையது:

[                                        ]

குறட்டை நின்றுவிட்டது. முன்வரிசையில் ஓட்டுநரின் கால்விரல்கள் ஒவ்வொன்றாக அசைகின்றன.