லாபம், ரெண்டு, மூணு

பிரீனா மிஸ் நல்ல பெண்தான், குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் கெட்ட சேதியைச் சிரித்துக்கொண்டே சொல்கிறவர்களை என்னதான் செய்வது? அன்று சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில், மகளைக் கூட்டிப்போக வந்த சுபிதாவை நிறுத்தி, முகமெல்லாம் சிரிப்பாக, "ஆதிரா எல்லாத்துலயும் மிடுக்கி, கேட்டியளா. பாட்டு, படம், வாய் எல்லாம் கொள்ளாம். எண்ணத்தான் வரல்ல" என்றாள்.

"நூறு வர சொல்லுவாளே மிஸ்."

"சொல்லுவா, பாட்டு மாதிரி சொல்லுவா. பொருள வச்சு எத்தனன்னு கேட்டா ஒண்ணு கொறச்சுச் சொல்லுகா. அஞ்சு மாங்கா படம் காட்டினா நாலுங்கா. பத்து பாசிமணி வச்சா ஒம்பதுங்கா. ஒரு தடவையாவது கூட்டிச் சொன்னா, வெளையாட்டுக்குச் சொல்லுகான்னு விட்டிரலாம். எப்பவும் ஒண்ணு கொறவு."

பங்குனியில் ஒரு சின்னப் பரீட்சை இருக்கிறதாம். அதிலும் இதே கதை என்றால் ஒன்றாம் வகுப்புக்கு அனுப்பாமல் யூ.கே.ஜி.யிலேயே இன்னொரு வருஷம் உட்கார வைப்பார்களாம். எல்லாம் குழந்தையின் நல்லதுக்குத்தானாம். இதைச் சொல்லும்போதும் மிஸ் சிரித்தாள்.

சுபிதாவால் பதிலுக்குச் சிரிக்க முடியவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றவள் அவள். கீரிப்பாறையில் ரப்பர் தோட்டக் குடியிருப்பில் ரிசல்ட் வந்த அன்று எஸ்டேட் பஸ் கண்டக்டர் வரைக்கும் துக்கம் விசாரித்தார். அடுத்த தடவை எழுதிப் பாஸானதை ஒரு ஈ, காக்கைகூட விசாரிக்கவில்லை. அந்த நாசமாய்ப்போன கணக்கு தன் வழியாகப் பிள்ளையின் தலையிலும் ஏறிவிட்டதோ என்று பயந்தாள். பயந்ததை வெளியே சொல்லவும் வெட்கம்.

கணவன் வினோஜிடம் மட்டும் சொன்னாள். அவனுக்குத் தாழக்குடியில் வயல், பயிர்ச்செய்கை. பதட்டம் என்பது அவன் உடம்பிலேயே கிடையாது. வீட்டில் தீப்பிடித்தாலும் கையிலிருக்கிற சாயாவைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பான்.

"ஒண்ணுதானே கொறையுது. பத்தா கொறையுது?" என்றான்.

இந்த மனுசனிடம் சொன்னதற்குச் சுவரிடம் சொல்லியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு சுபிதா போனை எடுத்தாள். அதில் ஏதோ வீடியோவில் ஒரு அம்மாள் பேசினார். பிள்ளையைச் சிலேட்டோடு உட்காரவைத்து உயிரை வாங்காதீர்கள், வீட்டில் கிடக்கும் சாமானை வைத்தே விளையாடுங்கள், முதலில் கண்மதிப்பாக எத்தனை என்று சொல்லட்டும், பிறகு எண்ணிப் பார்க்கட்டும், யார் சொன்னது பக்கத்தில் வருகிறதோ அவர்தான் ஜெயித்தவர். இவ்வளவுதானா காரியம் என்று சுபிதாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

மறுநாளே வீடு களைகட்டியது. கொடியில் எத்தனை கிளிப்? புட்டுக்குழலுக்கு எத்தனை பிடி மாவு? கிணற்றடிக்கு எத்தனை எட்டு? சும்மா சொல்லக்கூடாது, குட்டிக்குக் கண்மதிப்பு அபாரம். ஒரு நாள் அரிசி புடைக்கிற சுளவில் ஒரு கை சின்ன உள்ளியைக் கொட்டினாள் சுபிதா. தானே முதலில் நாற்பது என்றாள். வினோஜ் முப்பது என்றான். ஆதிரா ஒரு கண்ணை மூடிக்கொண்டு, யாவாரி மாதிரி தலையைச் சாய்த்து, "இருவத்தி மூணு" என்றாள்.

சுபிதா எண்ணினாள். இருபத்து நாலு. வாயெல்லாம் பல்லாகிவிட்டது அவளுக்கு. "இனி நீ எண்ணு மக்களே. சத்தமா எண்ணு."

"மனசுக்குள்ளதான் எண்ணணும்னு மிஸ் சொல்லியிருக்கு."

உதடு மட்டும் அசைந்தது. கை உள்ளிகளை இங்கிருந்து அங்கே தள்ளியது. கடைசியில், "இருவத்தி மூணு."

"இருவத்தி நாலுட்டி."

"இருவத்தி மூணு. நீங்களே எண்ணிப் பாருங்க."

சுபிதா மறுபடி எண்ணினாள். இருபத்து மூன்று. இன்னொரு தடவை எண்ணினாள். அதே இருபத்து மூன்றுதான். பிள்ளைக்கு எண்ண வரவில்லை என்று ஊரைக் கூட்டப் போனால், வராதது எனக்குத்தானோ? தோற்றவள் கடைசிவரை தோற்றவள்தானோ? அன்று உள்ளித் தீயலில் உப்புப் போட மறந்துபோனாள்.

அடுத்து முந்திரிக்கொத்து. இருபது சுட்டாள், இந்தத் தடவை அடுப்படியிலேயே விரல்விட்டு எண்ணி வைத்தாள். ஆறியதும் டப்பாவில் எடுத்துப்போடும் வேலையை ஆதிராவிடம் கொடுத்தாள். போட்டு முடித்துவிட்டு அவள் சொன்னது பத்தொன்பது. சுபிதா டப்பாவைத் திறந்து எண்ணினாள். பத்தொன்பது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எண்ணினால் பதினேழு. நேரே வினோஜின் முன்னால் போய் நின்றாள்.

"அத்தான், பிள்ளைக்க படிப்பு விஷயம். வெளையாடாம சொல்லுங்க. எத்தன தின்னிய?"

"ரெண்டு தின்னேன். அத ஒத்துக்கிடுகேன். ஆனா அந்த இருவதாவத எடுத்த ஆளு நான் இல்ல. அதுக்கு வேற ஆளப் பாரு."

பாரு என்றால் யாரை? வீட்டில் இருப்பதே மூன்று பேர். தன்னையும் சந்தேகப்பட்டுப் பார்த்தாள் பாவம்.

ரெண்டு நாள் கழித்து ஆதிராவின் பள்ளிக்கூடப் பையிலிருந்து ஒரு வாடை வந்தது. பென்சில் பாக்ஸைத் திறந்தால் உள்ளே ஒரு உள்ளி முளைவிட்டிருந்தது. பக்கத்தில் எறும்பு மொய்த்த முந்திரிக்கொத்து, துணிக் கிளிப், சட்டைப் பித்தான், புளியங்கொட்டை, அப்புறம் பள்ளிக்கூடத்துச் சிவப்புப் பாசி. எல்லாவற்றிலும் ஒவ்வொன்று. சுபிதா பாசியைத் தனியே எடுத்துப் பார்த்தாள். கணக்கு வராதது போதாதென்று களவும் வந்துவிட்டதா?

"இதெல்லாம் ஆருக்குள்ளது?"

"எனக்க" என்றாள் ஆதிரா, கூசாமல்.

"ஆரு தந்தா?"

"ஆரும் தரல்ல. நான் எண்ணினேன்லா?"

இதற்கு என்ன பொருள் என்று சுபிதாவுக்குப் பிடிபடவில்லை. அடிக்கக் கை ஓங்கினாள். பிள்ளை கண்ணில் பயமே இல்லை, நியாயம் கேட்கிற பார்வைதான் இருந்தது. ஓங்கிய கையால் பாக்ஸை மூடிவைத்தாள்.

மாசியில் கும்பப்பூ அறுவடை வந்தது. விற்கிற நெல்லையெல்லாம் லாரிக்காரன் எடை போட்டுக் கொண்டுபோய்விடுவான். விதைக்கும் வீட்டுக்கும் ஒதுக்கும் நெல்லை மட்டும் வினோஜ் களத்திலேயே மரக்காலால் அளந்து சாக்கில் கட்டுவது வழக்கம். அப்பாவுக்குத் துணையாக ஆதிராவும் போவாள். சுபிதா போனதில்லை, நெல் தூசி அவளுக்கு ஆகாது, தும்மித் தும்மியே செத்துவிடுவாள். இந்தத் தடவை மழை மிரட்டியதால் நெல்லை அள்ளிவந்து முன்னறையில் குவித்தார்கள். சுபிதா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு சாயா கொண்டுவந்தாள்.

வினோஜ் மரக்காலில் நெல்லை அள்ளி, மேலே வழித்துவிட்டு, சாக்கில் கொட்டினான். "லாபம்" என்றான்.

அடுத்து அள்ளினான். "ரெண்டு."

"மூணு" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆதிராவும் கூடச் சேர்ந்து சொன்னாள்.

சுபிதா சாயா டம்ளரைக் கீழே வைத்தாள். "மொதல்ல என்ன சொன்னிய?"

"எப்பம்?"

"ரெண்டுக்கு முன்ன."

"லாபம்னு சொன்னேன். மொத அளவ ஒண்ணுன்னு சொல்லப்பிடாதுட்டி. லாபம்னு தொடங்கினாத்தான் நெல்லு பெருகும். எங்கப்பாவும் அப்படித்தான் அளப்பாரு. ஒங்க ஊர்ல ரப்பர் மரத்தத்தானே எண்ணுவிய, ஒனக்கு இதெல்லாம் எங்க தெரியப்போவுது?"

சுபிதா அவனை விட்டுவிட்டு மகளின் பக்கம் குனிந்தாள். குரலைத் தேனாக்கிக்கொண்டாள். "மக்களே, லாபம்னா என்ன?"

"எண்ணுகவங்களுக்கு உள்ளது" என்றாள் ஆதிரா. இதுகூடத் தெரியாதா என்பது மாதிரி அம்மாவைப் பார்த்தாள். "அப்பாதான் சொன்னது."

"நான் எப்பம் சொன்னேன்?" என்றான் வினோஜ். சொன்ன மறுநிமிஷமே அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது, முகமே காட்டிக்கொடுத்தது. புரட்டாசி அறுவடையின்போது அளவுக்கு நடுவே இந்தக் குட்டி லாபம்னா என்னப்பா, லாபம்னா என்னப்பா என்று உயிரை எடுத்திருக்கிறாள். எண்ணிக்கை தப்பிவிடக் கூடாதே என்று, எண்ணுகவனுக்கு உள்ளது மக்களே, செத்த சும்மா இரி என்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்திருக்கிறான்.

பிள்ளை சும்மா இருந்தது. ஆனால் சொன்னதைப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து எதை எண்ணினாலும் முதலாவது அவளுக்கு. மிச்சம் இருப்பதுதான் கணக்கு. அஞ்சு மாங்காய் என்றால் ஒன்று எண்ணுகிற ஆளுக்குப் போக நாலு. படத்திலிருக்கும் மாங்காயைப் பிய்த்துத் தின்ன முடியாதுதான். அதற்காக உரிமையை விட்டுக்கொடுக்க முடியுமா?

சுபிதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன, கூடவே தும்மலும் வந்தது. எனக்கு எண்ணத் தெரியும், என் பிள்ளைக்கும் எண்ணத் தெரியும், களவும் இல்லை என்று நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பே லேசாகிவிட்டது. மூலையில் கிடந்த சுளவை எடுத்து வினோஜின் முதுகில் ஒரு போடு போட்டாள்.

"இது ஒண்ணு" என்றாள். "லாபம் இல்ல, ஒண்ணு. கேட்டியளா?"

கேட்கவேண்டிய ஆள் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் லாபம் கிடையாது, அங்கே ஒன்றிலிருந்துதான் எண்ணவேண்டும், ஒன்றையும் எடுக்கக்கூடாது என்று சுபிதா எடுத்துச் சொன்னதும், "அப்ப எதுக்கு எண்ணணும்?" என்று கேட்டாள் ஆதிரா. வினோஜ் அவசரமாக அடுத்த மரக்காலை அள்ளினான்.

வேறு வழியில்லாமல் பேரம் நடந்தது. பள்ளிக்கூடத்தில் முழுசாகச் சொல்லவேண்டியது, அதற்கு ஈடாக வீட்டுக்கு வந்ததும் முந்திரிக்கொத்து டப்பா அவள் கைக்கு வரும். "நான்தான் எண்ணி எடுப்பேன்" என்று நிபந்தனை போட்டாள் குட்டி. சுபிதா ஒத்துக்கொண்டாள். சிவப்புப் பாசியையும் மிஸ்ஸின் டப்பாவில் சத்தமில்லாமல் போட்டுவிடச் சொன்னாள். ஆதிரா போட்டுவிட்டுத்தான் வந்தாளாம். நம்புவோம்.

பரீட்சையன்று தாய்மார்களையும் உள்ளே உட்காரவைத்தார்கள். பிரீனா மிஸ் மேசையில் பத்துப் பாசியை வரிசையாக வைத்து, சிரித்துக்கொண்டு, "எத்தன மக்களே?" என்றாள்.

ஆதிராவின் கை முதல் பாசியை நோக்கிப் போனது. சுபிதா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். கை பாசியைத் தொட்டது, கொஞ்சம் உருட்டியது, மனசில்லாமல் திரும்பி வந்தது.

"பத்து."

மிஸ்ஸின் புருவம் உயர்ந்தது. வாத்துப் படத்தைக் காட்டினாள். "ஏழு." சரி. ஒரு கண்ணாடி டம்ளர் நிறையப் புளியங்கொட்டை வைத்து, எண்ணாமல் உத்தேசமாகச் சொல்லச் சொன்னாள். குட்டி ஒரு கண்ணை மூடினாள். "அம்பது." மிஸ் கொட்டி எண்ணினால் நாற்பத்தெட்டு. "என்னம்மா செய்திய பிள்ளைய?" என்று மிஸ் சுபிதாவைப் பார்த்துக் கேட்டாள். சுபிதா பெருமையை அடக்க முடியாமல் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அந்த எஸ்டேட் பஸ் கண்டக்டர் இங்கே இல்லாமல் போனாரே என்று இருந்தது.

"கடைசிக் கேள்வி. ஒங்க வீட்டுல எத்தன பேரு?"

இதெல்லாம் ஒரு கேள்வியா என்று சுபிதா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தே உட்கார்ந்துவிட்டாள். ஆதிரா திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் சேலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். உதடு அசைந்தது.

"ரெண்டு."

சுபிதா நிமிர்ந்து உட்கார்ந்தாள். மிஸ்ஸின் பேனா தாளின் மேலேயே நின்றது. "ரெண்டா? ஆரெல்லாம்?"

"அப்பா, நான்."

"அப்பம் அம்மா?"

"அம்மா லாபம்" என்றாள் ஆதிரா.

"அப்படின்னா?"

"எனக்க" என்று சொல்லி, பிடித்த சேலையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "கணக்குல வராது."

மிஸ் விளக்கத்துக்காகச் சுபிதாவைப் பார்த்தாள். நெல், மரக்கால், வினோஜின் வாய் என்று சொல்வதற்கு எத்தனையோ இருந்தது. மூணு என்று திருத்திச் சொல்லும்மா என்று பிள்ளையைக் கிள்ளவும் செய்திருக்கலாம். சுபிதா ரெண்டையும் செய்யவில்லை.

"ரெண்டுதான் மிஸ்" என்றாள். "சரியாத்தான் சொல்லுகா."

பிரீனா மிஸ் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். சேலையைப் பிடித்திருந்த அந்தச் சின்னக் கையையும் பார்த்தாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. தாளில் சரி என்று கோடு போட்டு, கீழே ஒன்றாம் வகுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வினோஜ் பைக்கில் சாய்ந்து நின்றிருந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சாயாவை முடிக்காமல் வந்திருந்தான். "என்னாச்சுட்டி? ஏன் கண்ணத் தொடைக்க?"

"ஒண்ணாங்கிளாஸ் போறா" என்றாள் சுபிதா. "நம்ம வீட்டுல ரெண்டு பேருதானாம். நீங்களும் அவளுமாம். என்னய எண்ணல்ல."

வினோஜ் மண்டையைச் சொறிந்தான். பிறகு நெல் அளக்கிறவனின் உதடு தானாக அசைந்தது. முதல் சொல்லிலேயே நின்றுவிட்டது. மகளைப் பார்த்தான். அவள் இன்னும் அம்மாவின் சேலையை விடவில்லை.

"எண்ணச் சொல்லிக்குடுத்தது நான்" என்றான் சுபிதாவிடம். "லாபம் மட்டும் நீயா?"