திருப்பிப் போட்ட கோட்டு

1

பனி பொழியும் கிறிஸ்துமஸ் கதை வேண்டும் என்று பத்திரிகையிலிருந்து கேட்டார்கள். அயர்லாந்தில், எங்கள் கெர்ரியில் பொழிவது மழைதான். அந்த எரிச்சலில் பிறந்தது இது.

முதல் தொடக்கம்: ‘அந்தக் குருவி கடைசியாக ஒருமுறை...’ வேண்டாம். ரென் குருவியை நிஜமாகவே கொன்றதெல்லாம் அந்தக் காலம். இப்போது உருளைக்கிழங்கில் இறகு செருகிக் கிளையில் கட்டினால் போதும். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பிள்ளைகள் அதன் அடக்கத்துக்கு வீடு வீடாகக் காசு கேட்பார்கள். கொடுக்காத வீட்டு வாசலிலேயே புதைத்துவிட்டால் வருஷம் முழுக்க அங்கே அதிர்ஷ்டம் நுழையாது. நாங்கள் ரொம்ப பக்தியுள்ளவர்கள்.

2

கோப்னெட்டுக்கு ஒன்பது வயது. [முதலில் ஏழு. மழையில் அனுப்பியதற்கு அம்மாவைத் திட்டுவீர்களே என்று கூட்டினேன்.] எதிர்வீட்டுப் பெரியம்மா ஹனோரா தன்னிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. பெரியம்மாவும் அம்மா பிலோமினாவும் பேசிக்கொள்வதில்லை. தாத்தாவின் கல்லறையில் மகள்கள் பெயரைப் பொறித்தபோது, அக்கா ஹனோராவுக்கு முன்னால் தங்கை பிலோமினாவின் பெயரைச் செதுக்கிவிட்டார்கள். செத்தவர் சும்மா கிடக்கிறார், இவர்களுக்குத்தான் வரிசை முக்கியம்.

ஆள் யாரென்று தெரியக் கூடாது என்பது வழக்கம். பிலோமினாவே மகளுக்கு வைக்கோல் முகமூடி மாட்டி, தாத்தாவின் கோட்டை உள்பக்கம் வெளியே வரும்படி போட்டுவிட்டாள்.

“எல்லா வீட்டுக்கும் போ. அவ வீட்டுப் பக்கம் மட்டும் தலவச்சுக்கூடப் படுக்காத.”

3

கோப்னெட் நேராக அங்கேதான் போனாள்.

“குருவி செத்துப்போச்சு, வீட்டுக்காரம்மா. அடக்கம் பண்ணக் காசு குடுங்க.”

“உருளைக்கிழங்குக்கு எதுக்கு அடக்கம்? வேகவச்சுத் தின்னு,” என்றாள் ஹனோரா, கதவைத் திறக்காமலேயே.

“குடுக்கலன்னா இங்கயே புதைச்சிருவேன்.”

“புதை. இங்க அதிர்ஷ்டம் பொங்கி வழியுதாக்கும்.”

கோப்னெட் குனிந்து மண்ணைத் தோண்டினாள். முகமூடிக்குள் அழுகை வந்தது. சத்தம் கேட்டு, திட்டுவதற்காகத்தான் ஹனோரா கதவைத் திறந்தாள். குனிந்த முதுகில், கோட்டின் உள்துணியில், நீல ஒட்டுத்துணி ஒன்று தெரிந்தது. தன் அப்பாவுக்காக அவள் கையால் தைத்தது.

“இத யாரு போட்டுவிட்டது?”

“எங்கம்மா.”

“இப்படித் திருப்பியா?”

“அப்பதான் யாருன்னு தெரியாதாம்.”

ஹனோரா ஒட்டுத்துணியைத் தொட்டாள். ஓரத்தில் தையல் விட்டிருந்தது.

4

முடிவு ஒன்று: அக்காவும் தங்கையும் கட்டிக்கொள்கிறார்கள், பனி பொழிகிறது. [பத்திரிகைக்குப் பிடிக்கும். எனக்குக் குமட்டும்.]

முடிவு இரண்டு: கதவு சாத்தப்படுகிறது. [பிள்ளை நனைந்திருக்கிறாள். மனசு வரவில்லை.]

பிலோமினாவுக்கு அந்த ஒட்டுத்துணி நினைவிருந்ததா? தையலை அவளே பிரித்துவிட்டு... அந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன். கேட்டால் ஒத்துக்கொள்ளவா போகிறாள்?

“உள்ள வந்து நில்லு. ஊசி எடுத்துட்டு வரேன்,” என்று ஹனோரா போனாள். கதவைச் சாத்தவில்லை. எதிரே, பிலோமினா வீட்டு ஜன்னலில் திரை விலகியிருக்கிறது.

நீங்கள் பேசாமல் இருக்கும் உறவும் ஒன்று இருக்குமே. மீதியை நீங்களே எழுதுங்கள். பனி மட்டும் வேண்டாம்.