தகரத்தில் வரைந்த மரம்

தீவின் சாத்தம் ஜெட்டியில் கப்பல் ஊதியபோது, மர மில்லில் வேலை பார்க்கும் கோவிந்தராஜ் காரின் டேஷ்போர்டில் கோழியிறகால் பெயிண்டில் கடைசிக் கோட்டை இழுத்துக்கொண்டிருந்தார். டிரைவர் சிராஜ் கடல் பக்கம் எட்டிப் பார்த்தான். எப்போதும் பிந்தி வந்து உயிரை வாங்கும் மெட்ராஸ் கப்பல், இன்றைக்கென்று பார்த்து முந்தி வந்து தொலைத்திருக்கிறது.

"என்னண்ணே, இப்படிச் செவப்பா இருக்கு? பழசு காப்பித்தூள் கலருல்ல?"

"மரம்னா செவப்புதானே பாய்? மில்லுல செவப்புப் படாக்கு மரத்தைத் தவிர வேறென்னத்தக் கண்டேன்? ஈரம் காயணும், நாளைக்கு வரைக்கும் கை படக் கூடாது, ஆமா."

டேஷ்போர்டு மரமே இல்லை, தகரம். சீமையில் எவனோ அதன்மேல் மரம்போலவே வரைந்து அனுப்பியிருந்தான். கால் வைத்த இடமெல்லாம் மரம் கிடக்கிற ஊரில் இப்படியொரு வேஷம்! ஆனால் கான்ட்ராக்டர் ஜம்புலிங்கத்துக்கு அந்தப் பழைய ஆஸ்டின் கார்தான் உயிர். அவர் இல்லாதபோது வண்டியைத் தொட்டால் வேலை போச்சு. வேலை போனால் லம்பா லைனில் அவர் கொடுத்திருக்கும் அறையும் போச்சு. அவர் மெட்ராஸ் போன நேரம் பார்த்துத்தான் சிராஜின் மனைவி ஆசியாவுக்குப் பிரசவ வலி கண்டது. அடைமழையில் ஹெட்லைட் செத்துப்போக, அரிக்கேன் விளக்கை டேஷ்போர்டில் சாய்த்துவைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். சூட்டில் பெயிண்ட் அப்பளமாய்ப் பொரிந்துவிட்டது.

ஜெட்டியில் கப்பலிலிருந்து இறங்கிய முதலாளி முன் சீட்டில் ஏறினார். வழக்கம்போல டேஷ்போர்டைத் தடவக் கை நீட்டினார். சிராஜ் வாயைத் திறப்பதற்குள் விரல் ஒட்டிக்கொண்டது. பிய்த்தெடுத்துப் பார்த்தார். நுனியெல்லாம் சிவப்பு.

"க்யா ஹை யே? என்னது இது?"

பொய் சொல்லத்தான் நினைத்திருந்தான். ஆனால் வலி, மழை, விளக்கு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அவர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன புள்ள?"

"பொண்ணு, சாப்."

வண்டி கிளம்பியது. பாலம் தாண்டியதும் சிராஜ் மரைன் ஹில் பக்கம், அவர் வீட்டுக்கு, வண்டியைத் திருப்பப் போனான்.

"லம்பா லைனுக்கு விடு."

பிள்ளையைப் பார்க்கவா, அறையைக் காலி பண்ணச் சொல்லவா? சிராஜ் ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் ஒடித்தான். எதிரே சிவப்பு மரத்தில் முதலாளியின் கைரேகை ஒரு கணுவைப்போலப் பதிந்து, மெல்லக் காய்ந்துகொண்டிருந்தது.