ஓடி வருகிறவருக்கு வண்டி நிற்குமா?

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு பேருந்தைத் துரத்திக்கொண்டு கேரளத்தில் பாலா என்ற ஊரின் கடைவீதியில் ஓடும்போது. தொடுபுழைக்குப் போகும் 'கொச்சுத்ரேசியா' என்ற அந்த வண்டி எனக்காக நின்றது. ஓட்டுநர் தலைக்கு மேல் எழுதியிருந்தது: 'ஓடி வருகிறவரை விட்டுப் போகாதே. வர்க்கி.' பஸ் கம்பெனியைத் தொடங்கிய வர்க்கி இறந்து வெகுகாலம் ஆகிறது. வண்டிகள் இன்னும் நிற்கின்றன.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'இளம் வயதில் ஒரு பேருந்தைத் தவறவிட்டதால், வர்க்கி தன் தாயின் முகத்தைக் கடைசியாக' — வேண்டாம், சினிமாவாகிறது. அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. (தெரிந்திருந்தால் எனக்கும் வேலை சுலபம், இப்போது கம்பெனியை நடத்தும் அவர் மகள் சிசிலிக்கும் சுலபம்.)

3

போன மாதம் ஓட்டுநர் ஜோமோன் ஓடி வந்த ஒரு பெண்ணுக்காக வண்டியை நிறுத்தினான். ஸ்டாண்டுக்குத் தாமதமாகப் போனால் அடுத்த வண்டிக்காரர்கள் சட்டையைப் பிடிப்பார்கள். விட்ட நேரத்தைப் பிடிக்க விரட்டினான். வளைவில் வண்டி மதிலில் உரசி, நடத்துநர் குட்டப்பனின் கை முறிந்தது.

வண்டி பெயிண்ட் அடிக்கப் போனபோது, அந்த வரியைத் திரும்ப எழுதுவதா என்று பெயிண்டர் கேட்டார். பட்டறையில் சிசிலி, ஜோமோனோடு நானும் இருந்தேன்.

"அழிச்சிடுங்க சேச்சி," என்றான் ஜோமோன். "ரோட்டப் பாக்கறத விட பின்னால யாரு வர்றான்னு கண்ணாடியத்தான் அதிகமாப் பாக்கறேன். வர்க்கி அப்பச்சன் காலத்துல அடுத்த பஸ் சாயங்காலம்தான். இப்ப அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு."

"அது தெரியாமலாடா அவ ஓடி வர்றா?" என்றாள் சிசிலி.

"இன்னொரு தடவ இடிச்சா, அது மதிலா இருக்காது சேச்சி."

"அப்பன் எனக்கு விட்டுட்டுப் போனது பஸ் நாலு, வார்த்தை ஒண்ணு. பஸ் நாலையும் மாத்தியாச்சு," என்றாள்.

(குறிப்பு: வர்க்கி இருந்திருந்தால் தன் பக்கம்தான் பேசியிருப்பார் என்று இருவரும் நம்புகிறார்கள். எனக்கு இருவர் மேலும் பாசம். கதைக்கு அதுதான் கேடு.)

4

கடைசி வண்டி மட்டும் நிற்கட்டும் என்று ஒரு முடிவு எழுதி, இருவருக்கும் வாசித்துக் காட்டினேன்.

"மத்தியானம் ஓடுறவன் மனுசன் இல்லையா சாரே?" என்றாள் சிசிலி.

"அந்தக் கடைசி வண்டிய ஓட்டறது யாரு சாரே? நீங்களா?" என்றான் ஜோமோன்.

கிழித்துவிட்டேன். அடுத்த முடிவில் சிசிலி பெயிண்டரைக் கூப்பிட்டு —

5

வண்டி திரும்பி வந்துவிட்டது. வரி இருந்த இடத்தில் வெறும் பெயிண்ட். "எழுதறதப் பத்தி அப்புறம் சொல்றேன்," என்றிருக்கிறாள் சிசிலி.

குட்டப்பனுக்குக் கையில் இன்னும் மாவுக்கட்டு. பையும் டிக்கெட்டுமாக மறு கையும் ஓயாததால், மணிக்கயிற்றை யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவரையே இழுக்கச் சொல்கிறான். ஒரு மணி என்றால் நில். இரண்டு என்றால் போ.

இன்று கயிற்றுக்குப் பக்கத்தில் உங்களை உட்காரவைத்திருக்கிறேன்.

வண்டி நகர்ந்துவிட்டது. பின்னால் குடையை மடக்கிக்கொண்டு ஒருவர் ஓடி வருகிறார். முன்னால் அந்த வளைவு. ஜோமோனின் கண் கண்ணாடிக்குப் போய்விட்டது.

ஒரு மணி அடித்துவிட்டீர்கள். கயிறு இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது.